காஸ்ட்லி க்ரீம் போட்டும் தோல் வறண்டு போகுதா? 50 வயசுக்கு மேல லேபிள்ல பார்க்க வேண்டியது இதுதான்!

குளித்துவிட்டு வந்த அரை மணி நேரத்தில் தோல் இழுக்கும். இரவில் கணுக்கால் அரிக்கும். சொறிந்தால் வெள்ளையாகக் கோடு விழும். 50 வயதைத் தாண்டிய பலருக்கும் இருக்கும் தொல்லை இது. இதற்காக நிறைய பணம் கொடுத்து க்ரீம் வாங்குபவர்கள் அதிகம். ஆனால் விலையைவிட, உள்ளே என்ன பொருள் இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

வயசானா தோல் ஏன் வறண்டு போகுது?

தோலின் மேல் அடுக்கு ஒரு செங்கல் சுவர் மாதிரி. செல்கள்தான் செங்கல். இடையில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள்தான் சிமென்ட். வயதாக ஆக இந்தக் கொழுப்பும், தோலின் எண்ணெய்ச் சுரப்பும் குறையும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இது இன்னும் தெளிவாகத் தெரியும். சுவரில் விரிசல் விட்டால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகிப் போய்விடும். உடலுக்குத் தண்ணீர் அவசியம்தான். ஆனால் தண்ணீர் குடிப்பதால் மட்டும் இந்த விரிசல் அடைபடாது.

க்ரீமில் இருக்க வேண்டிய 3 வகைப் பொருட்கள்

1. ஈரத்தை இழுப்பவை: கிளிசரின், ஹயலுரோனிக் ஆசிட், யூரியா. ஹயலுரோனிக் ஆசிட் நம் உடலிலேயே இருக்கும் பொருள். 1934-ல் கார்ல் மேயர், ஜான் பால்மர் ஆகியோர் மாட்டின் கண்ணிலிருந்து இதை முதன்முதலில் பிரித்தெடுத்தார்கள். இதன் மூலக்கூறு பெரியது என்பதால், பூசும்போது பெரும்பாலும் மேல் அடுக்கிலேயே தங்கும். உள்ளே குறைந்துபோனதை அது ஈடுகட்டாது. விலை குறைவான கிளிசரினும் ஈரத்தை நன்றாகவே பிடித்து வைக்கும். யூரியா 5 முதல் 10 சதவீதம் வரை இருந்தால் வறண்ட கை, கால்களுக்கு ஏற்றது. வெடித்த இடத்தில் பட்டால் எரியும்.

2. விரிசலை நிரப்புபவை: செராமைடு, ஸ்குவாலேன், கொழுப்பு அமிலங்கள். வைட்டமின் பி3 வகையான நியாசினமைடு, தோல் தானாகவே செராமைடு தயாரிக்க உதவும்.

3. மூடி போடுபவை: பெட்ரோலியம் ஜெல்லி, டைமெதிகோன். அமெரிக்காவில் 1872-ல் ராபர்ட் செஸ்ப்ரோ காப்புரிமை வாங்கிய பெட்ரோலியம் ஜெல்லி, ஈரம் வெளியேறாமல் தடுப்பதில் இன்றும் முன்னணியில் இருக்கிறது. நம் வீட்டுத் தேங்காய் எண்ணெயும் லேசான வறட்சிக்குக் கைகொடுக்கும்.

முதல் வகை மட்டும் போட்டுவிட்டு ஏசி அறையில் உட்கார்ந்தால், இழுத்த ஈரம் காற்றில் போய்விடும். அதனால்தான் சீரம் மட்டும் போடுபவர்களுக்கு தோல் மறுபடியும் இழுக்கிறது. சீரத்துக்கு மேல் இரண்டாவது, மூன்றாவது வகைப் பொருட்கள் இருக்கும் க்ரீம் வேண்டும்.

எப்படிப் போடணும்?

* கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்துவிடுங்கள்.
* துண்டால் அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். ஈரம் காய்வதற்குள் க்ரீம் பூசுங்கள்.
* லேபிளில் பொதுவாக அளவில் அதிகமான பொருள்தான் முதலில் வரும். கிளிசரின் கடைசி வரிசையில் இருந்தால், அதன் அளவும் குறைவு என்று அர்த்தம்.
* சுருக்கத்துக்காக ரெட்டினால் போடுபவர்களுக்கு ஆரம்பத்தில் வறட்சி கூடலாம். அதோடு மாய்ஸ்சரைசரும் சேர்த்துப் போடுங்கள்.
* பாதத்தில் பூசியதும் நடக்க வேண்டாம். வயதானவர்கள் வழுக்கி விழும் ஆபத்து உண்டு. சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்துவிடலாம்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் வெடிப்பு வந்தால் அலட்சியம் கூடாது. அந்த வழியாகக் கிருமித் தொற்று வரலாம். தடிப்பு எதுவும் இல்லாமல் உடம்பு முழுக்க வாரக்கணக்கில் அரித்தால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு பிரச்சினையும் காரணமாக இருக்கலாம். அப்போது க்ரீமை மாற்றிக்கொண்டே இருக்காமல், பரிசோதனை செய்துகொள்வதுதான் சரி.