அரசனுக்குச் சொன்ன ஆமைக் கதை: ஜாதகங்களும் சிறுவர் பதிப்புகளும்

வாயாடி ஆமையின் கதை சிறுவர் நூல்களில் ஒரே அறிவுரையில் முடிகிறது: அதிகம் பேசாதே. சொல்பவர் பெரியவர், கேட்பது பிள்ளை. புத்தரின் முற்பிறவிக் கதைகளான பாலி ஜாதகத் தொகுப்பின் 215ஆம் கதையில் நிலைமை வேறு. அன்னங்கள் குச்சியைக் கவ்வவைத்துத் தூக்கிச் சென்ற ஆமை வாய் திறந்து விழுவது காசி அரண்மனை முற்றத்தில். அவ்வூர் அரசன் பேச ஆரம்பித்தால் மற்றவர்க்கு இடமே இராது. அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று சமயம் பார்த்திருந்த அமைச்சர்தான் போதிசத்துவர், அதாவது முற்பிறவிப் புத்தர். செத்த ஆமையைக் காட்டி அவர் சொல்லிவிடுகிறார். (கதையில் பிள்ளைகளும் உண்டு, ஆமையைக் கேலி செய்பவர்களாக.) விலங்கு ஜாதகங்களில் சில அதிகாரம் உடையவனைத் திருத்த எழுந்தவை, கதை சொல்லப்பட்ட சூழலாகிய சட்டகத்தைக் கழற்றியதும் அவை அடங்கி நடக்க வேண்டியவர்க்கான விதிகளாகிவிடுகின்றன என்பதே என் வாதம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 547 கதைகளில் பௌத்த மறைநூலான திரிபிடகத்தைச் சேர்ந்தவை பெரும்பாலும் பாடல்கள் மட்டுமே. உரைநடை பிற்கால உரையாசிரியர் தந்தது. எனவே அரசனும் பின்னால் சேர்ந்தவனாக இருக்கலாம் அல்லவா? ஆனால் ஆமைக் கதையின் பாடலே ஒரு வீரனை விளித்து, அளவறிந்து பேசும்படி கேட்கிறது. உரையை நீக்கினாலும் கேட்பவன் குழந்தை ஆகிவிடுவதில்லை.

28ஆம் கதையான நந்திவிசாலன் இன்னும் தெளிவானது. தட்சசீலத்துப் பிராமணன் ஒருவன், தன் காளை நூறு வண்டிகளைச் சேர்த்து இழுக்கும் என்று ஆயிரம் பணம் பந்தயம் கட்டுகிறான். மணலும் கல்லும் ஏற்றிய வண்டிகளின் முன் அமர்ந்து, காளையை மோசக்காரன் என்று அதட்டுகிறான். நான்கு கால்களையும் தூண்போல ஊன்றி நின்றுவிடுகிறது காளை. தோற்றுப் படுத்துக் கிடப்பவனை அது கேட்கிறது: உன் வீட்டில் ஒரு பானையையாவது உடைத்திருக்கிறேனா, யாரையாவது மிதித்திருக்கிறேனா? மறுமுறை பந்தயம் இரண்டாயிரம், பேச்சும் கனிவு; வண்டிகள் நகர்கின்றன. பாடம் கற்றவன் எசமானன். இதே கதை வினய பிடகத்திலும், பிற பிக்குகளை இழித்துப் பேசியவர்களைக் கண்டிக்கும் விதியோடு வருகிறது. ஆக, முதலில் கேட்டவர்கள் வளர்ந்த துறவிகள்.

சட்டகம் கழன்றது அச்சு யுகத்தில் மட்டுமல்ல. பழங்காலப் பௌத்தத் தூபியான பார்ஹுத்தின் ஜாதகக் கற்சிற்பங்கள் பலவற்றில் கதையின் பெயர் உண்டு, சொல்லப்பட்ட சூழல் இல்லை. 1912இல் எல்லன் பாபிட் ஆங்கிலத்தில் சிறுவருக்கென ஜாதகங்களைத் திரும்பச் சொன்னபோது, கதை சட்டகத்தைப் பிரிந்த அந்தப் பழைய நிலைதான் புது வாசகரைத் தேடிக்கொண்டது.

எல்லாக் கதையும் அதிகாரத்தைப் பற்றியதல்ல. 38ஆம் கதையான கொக்கும் நண்டும் அப்படி ஒரு விதிவிலக்கு. சிறுவர் பதிப்புகளில் நண்டு சாமர்த்தியசாலி. பாலியில், மீன்களை ஏமாற்றித் தின்றபின் நண்டின் கொடுக்கில் கழுத்து சிக்கி உயிர்ப்பிச்சை கேட்ட கொக்கு நண்டைக் குளத்தோரச் சேற்றில் இறக்கி வைக்கிறது; அதன் பிறகே, தாமரைத் தண்டை அறுப்பதுபோல நண்டு அதன் கழுத்தை நறுக்குகிறது. போதிசத்துவர் மரத்தில் வாழும் தேவதையாகப் பார்த்து நிற்கிறார். கதை முடிவில் அன்றைய பாத்திரங்கள் இன்று யார் என்று சொல்லப்படும்போது, கொக்கு கந்தல் சீவரத்தை (துறவாடையை) ஒப்பேற்றி விற்ற, ஜேதவன மடத்துப் பிக்கு என்கிறது உரை. நண்டு, அவரையும் ஏமாற்றிய கிராமத்துப் பிக்கு.