கல்லா, பையா?

1867-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் தேதி, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரில், மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில், வயிற்றின் வலப்புறம் கட்டி கண்டு வருந்திய ஒரு மாதுக்கு, அது சினைப்பையில் தோன்றிய நீர்க்கட்டியாக இருக்கலாமென்று எண்ணி ரண சிகிச்சை செய்யப் புகுந்த டாக்டர் ஜான் பாப்ஸ், கத்தி பட்டதும் துப்பாக்கிக் குண்டுகளைப் போல் உருண்டு வெளிப்பட்ட கற்களைக் கண்டு திகைத்தார். கற்களை எடுத்தார், பித்தப்பையைத் தைத்து இருந்த இடத்திலேயே விட்டார். அம்மாள் பிழைத்தாள், 1870-இல் காலமான தம் வைத்தியரைக் காட்டிலும் நெடுநாள் வாழ்ந்தாள்.

பையை விட்டுவைத்ததில் வியப்பில்லை. சிருஷ்டியில் அமைந்த அவயவம் ஒன்றை அடியோடு நீக்கிவிட்டால் மனிதன் பிழைப்பானா என்ற அச்சம் அக்காலத்து வைத்தியர்களுக்கு இயல்பே. ஆனால், 27-ஆம் வயதிலேயே பெர்லின் லாசரஸ் ஆஸ்பத்திரியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற கார்ல் லாங்கன்புக், யானைக்கும் குதிரைக்கும் பித்தப்பையே கிடையாது என்பதையும், அவை ஜீவிப்பதற்கு அது ஒரு குறையாகவில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தார். கல்லைச் சுமப்பதனால் அன்று, கல்லை உற்பத்தி செய்வதனாலேயே அந்தப் பை நீக்கத்தக்கது என்பது அவருடைய சித்தாந்தம்.

சித்தாந்தத்தோடு அவர் நிற்கவில்லை. பிரேதங்களில் மீண்டும் மீண்டும் அறுத்துப் பழகிய பிறகே, 1882 ஜூலை 15-ஆம் தேதி, 16 வருஷங்களாகப் பித்தக்கல் வலியால் துடித்து, மார்பியாவுக்கு அடிமையாகியிருந்த 43 வயது மனிதர் ஒருவரின் வயிற்றைத் திறந்து, பித்தப்பையின் நாளத்தைப் பட்டு நூலால் கட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடுத்தார். மறுநாள் நோயாளிக்கு ஜுரமில்லை. படுக்கையில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார்! ஆறு வாரங்களில் வீடு திரும்பினார்.

ஆயினும் எதிர்ப்பு ஓயவில்லை. பையைத் திறந்து கல்லை மட்டும் அகற்றுவதில் பெயர்பெற்ற பர்மிங்ஹாம் டாக்டர் லாசன் டெய்ட், புதிய முறையைக் கடுமையாகக் கண்டித்தார். காலப்போக்கில் லாங்கன்புக்கின் வழியே உலகெங்கும் வழக்கமாயிற்று. ஜனங்களின் மனம் மட்டும் டெய்ட்டின் கட்சியிலேயே இருக்கிறது போலும்: இன்றும் சிகிச்சை முடிந்ததும் உறவினர் குப்பியிலிட்ட கற்களைக் குலுக்கிப் பார்த்து எண்ணுகிறார்கள்; பை எங்கே என்று கேட்பாரைக் காணோம்.