கட்டுநாயக்கா விமானத்தளம் கைமாறிய வரலாறு, 1947–1962

1957 நவம்பர் 1 அன்று பிரித்தானிய அரச விமானப்படை கட்டுநாயக்கா தளத்தை இலங்கையிடம் கையளித்தது. அதற்குச் சற்று முன்பு, அக்டோபர் 15 அன்று, திருகோணமலைக் கடற்படைத் தளமும் கைமாறியிருந்தது; சீனக்குடா விமானத்தளமும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தது. இந்த நிகழ்வுகளை எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அரசியல் வெற்றியாகப் பார்ப்பதே வழக்கம். அவர் காட்டிய உறுதி மெய்யானது. ஆனால் தளத்தை ஏற்று நடத்தக்கூடிய படை ஒன்று அந்த ஓடுபாதையிலேயே ஆறு ஆண்டுகளாக வளர்ந்து வந்திருந்தது. அந்த வளர்ச்சியைக் கணக்கில் கொள்ளாவிட்டால் 1957 விளங்காது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு ஒப்பந்தத்திலிருந்து தொடங்க வேண்டும். மிகச் சிறிய ஆவணம் அது. அதன் இரண்டாவது பிரிவு, கடற்படை, விமானப்படைத் தளங்களையும் துறைமுகங்களையும் தொலைத்தொடர்பு வசதிகளையும் இரு தரப்பும் இணங்கும் அளவில் பயன்படுத்தப் பிரித்தானியாவுக்கு வழிவிட்டது. மூன்றாவது பிரிவின்படி, இலங்கைப் படைகளைப் பயிற்றி வளர்ப்பதற்குப் பிரித்தானியா உதவ வேண்டும். ஒப்பந்தம் எப்போது முடியும் என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை. விமர்சகர்கள் இரண்டாவது பிரிவையே பிடித்துக்கொண்டார்கள். தளங்கள் அந்நியர் கையில் இருக்கும் நாடு எப்படிச் சுதந்திர நாடாகும் என்ற கேள்வியைச் சோவியத் ஒன்றியம் ஐ.நா. வரை கொண்டுபோய், தன் மறுப்பு வாக்கால் இலங்கையின் உறுப்புரிமையை 1955 டிசம்பர் வரை தடுத்து வைத்தது.

அன்றைய பிரதமர் டி.எஸ். சேனநாயக்க இந்த ஏற்பாட்டுக்கு இசைந்ததற்குக் காரணம் இருந்தது. அண்டையில் ஒரு பெருநாடு. கையில் சொந்தப் படை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கிய நினைவு அப்போது ஆறவில்லை. அந்தச் சூழலில் அவர் எடுத்த முடிவைக் கோழைத்தனம் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

கையளிப்புக்கு வழி திறந்தது மூன்றாவது பிரிவுதான். 1951 மார்ச் 2 அன்று இலங்கை அரச விமானப்படை உருவானது. அதன் முதல் தளபதி குரூப் கேப்டன் பிளேடன், பிரித்தானியர். பிரித்தானியர் நீர்கொழும்புத் தளம் என்று அழைத்துவந்த கட்டுநாயக்காவிலேயே பறப்புப் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. ஆசிரியரும் மாணவரும் முன்பின்னாக அமரும் சிப்மங்க் விமானங்களில் இலங்கை இளைஞர்கள் பறக்கப் பழகினார்கள். ஒற்றைச் சுழலி கொண்ட அந்தச் சிறு பயிற்சி விமானங்கள் ஏறி இறங்கிய ஓடுபாதை இரண்டாம் உலகப் போரின்போது போடப்பட்டது. சிங்கப்பூருக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்லும் பிரித்தானியப் படை விமானங்களுக்கும் அதுவே இடைத்தங்கல். அதிகாரிப் பயிலுநர்கள் இங்கிலாந்தின் கிரான்வெல்லுக்கும் தொழில்நுட்பப் பயிலுநர்கள் ஹால்டனுக்கும் போய்வந்தார்கள். எஞ்சினைக் கழற்றிப் பூட்டவும், வானிலைக் குறிப்பைப் படிக்கவும், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் நின்று விமானத்தை இறக்கவும் தெரிந்த ஆட்கள் ஒரு தளத்துக்குத் தேவை. அவர்களை ஓராண்டில் உருவாக்கிவிட முடியாது.

1956 ஏப்ரலில் பண்டாரநாயக்க பிரதமரானார். தளங்களை மீட்பது அவருடைய கூட்டணியின் தேர்தல் வாக்குறுதி. அவ்வாண்டு கோடையில் லண்டனில் நடந்த காமன்வெல்த் பிரதமர்கள் மாநாட்டை ஒட்டிய பேச்சுவார்த்தையில் பிரித்தானியா கொள்கையளவில் இசைந்தது. ஆண்டின் இறுதியில் சூயெஸ் படையெடுப்பு நிகழ்ந்தது. பண்டாரநாயக்க அதைக் கடுமையாக எதிர்த்தார். இன்னொருவர் போருக்குத் தன் மண் களமாகிவிடும் என்ற அச்சம் கற்பனையல்ல என்று அந்த நெருக்கடி காட்டியது. இருந்தும் அவர் பிரித்தானியரை இரவோடு இரவாக வெளியேறச் சொல்லவில்லை. 1957 ஜூனில் பரிமாறப்பட்ட கடிதங்களின்படி, நிலையான சொத்துகளுக்கு இலங்கை பணம் கொடுத்தது. தகவல் தொடர்பு போன்ற சில வசதிகளைப் பிரித்தானியா மேலும் சில ஆண்டுகள் பயன்படுத்திக்கொண்டது. சொந்த மண்ணிலிருந்த கட்டடங்களுக்கு விலை கொடுப்பதா என்ற மனக்குறைக்கு இதில் இடமுண்டு. ஆயினும் சுமுகமாக நடந்த கையளிப்பால் பயிற்சி உதவி அறுந்துபோகவில்லை. விமானங்கள் தொடர்ந்து பறந்தன. என் மதிப்பீட்டில் அது கொடுக்கத்தக்க விலைதான்.

பிரித்தானியா தன் பங்குக்கு மாற்று இடம் தேடிக்கொண்டது. கொழும்பிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், மாலத்தீவின் அட்டுப் பவளத்தீவுக் கூட்டத்திலுள்ள கான் தீவில் 1957இல் புதிய தளத்துக்கான வேலை தொடங்கியது. ஓடுபாதைக்காகக் கான் மக்கள் வீடு, தோப்பு எல்லாவற்றையும் விட்டுப் பக்கத்திலுள்ள பேதூ தீவுக்குக் குடிபெயர்க்கப்பட்டார்கள். 1959இல் அந்தத் தென் தீவுகள் மாலேயிடமிருந்து பிரிந்து தனிநாடு அறிவித்ததற்குத் தளம் தந்த வேலையும் வருமானமும் ஒரு காரணம். 1976இல் பிரித்தானியர் புறப்பட்டபோது அத்தளத்தை ஏற்று நடத்த மாலத்தீவில் விமானப்படை எதுவும் இல்லை. ஓடுபாதை மிஞ்சியது, வேலை போயிற்று. இலங்கை பெற்ற மீட்சியின் சுமையில் ஒரு பகுதி கான் மக்கள் தலையில் இறங்கியதை இலங்கை வரலாறு எழுதுவோர் மறக்கக் கூடாது.

கட்டுநாயக்காவில் கொடி மாறிய பிறகும் விமானப்படைத் தளபதி பிரித்தானியராகவே இருந்தார். ஜெட் புரோவோஸ்ட் விமானங்கள் பிரித்தானியாவிலிருந்தே வாங்கப்பட்டன. 1962இல்தான் ரோஹன் அமரசேகர முதல் இலங்கைத் தளபதியாகப் பொறுப்பேற்றார். உலகப் போரில் பிரித்தானிய குண்டுவீச்சுப் படையில் பணியாற்றியவர் அவர். ஒப்பந்தம் 1947, படை 1951, தளம் 1957, தலைமை 1962 என்று இந்தக் கைமாற்றத்தின் நான்கு ஆண்டுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். நவம்பர் 1இல் இலங்கைக்குக் கிடைத்தது நிலமும் ஓடுபாதையும். படையின் முழு ஆளுகை வந்து சேர மேலும் ஐந்தாண்டுகள் பிடித்தன.