வட அயர்லாந்தில் ஒருங்கிணைந்த கல்வி

வட அயர்லாந்தில் கத்தோலிக்கக் குடும்பங்களின் பிள்ளைகளும் புராட்டஸ்டண்ட் குடும்பங்களின் பிள்ளைகளும், வேறு சமயத்தவரும் சமயம் சாராதவரும், ஒரே பள்ளியில் திட்டமிட்டுச் சேர்ந்து படிக்கும் முறைக்கு ஒருங்கிணைந்த கல்வி என்று பெயர். 1981இல் பெல்ஃபாஸ்ட்டில் 28 மாணவர்களோடு திறக்கப்பட்ட லேகன் கல்லூரி இதன் முதல் பள்ளி. பெயரில் கல்லூரி என்று இருந்தாலும் அது 11 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் படிக்கும் உயர்நிலைப் பள்ளி. இன்று இவ்வகைப் பள்ளிகள் சுமார் 70 இருக்கின்றன. ஆயினும் நாட்டின் மாணவரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே இவற்றில் படிக்கிறார்கள். பெற்றோர் முன்னே போக, அரசு பின்னால் வந்து சேர்ந்த இயக்கம் இது. அதன் உறுதிக்கும் காரணம் அதுதான், மெல்ல வளர்ந்ததற்கும் காரணம் அதுதான்.

பிரிவினையின் வேர்

சேர்ந்து படிக்கவைக்கும் எண்ணம் அங்கே புதிதல்ல. அயர்லாந்து முழுவதும் பிரிட்டனின் ஆட்சியில் இருந்த 1831இலேயே அதற்காகத் தேசியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பொதுப் பாடங்களை எல்லோரும் ஒன்றாகப் படிப்பது, சமயப் பாடத்தை மட்டும் தனித்தனியே கற்பது என்பது திட்டம். திருச்சபைகள் இசையவில்லை. சில பத்தாண்டுகளில் அப்பள்ளிகளில் பெரும்பாலானவை ஏதேனும் ஒரு சபையின் பள்ளியாகவே ஆகிவிட்டன.

1921இல் தீவு பிரிக்கப்பட்டு வட அயர்லாந்து உருவானது. அதன் முதல் கல்வி அமைச்சரான லண்டன்டெரி பிரபு 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் மறுபடியும் முயன்றார். பள்ளியில் விவிலியக் கல்வி கட்டாயமில்லை என்றதும் புராட்டஸ்டண்ட் சபைகள் எதிர்த்தன. பள்ளிகளை அரசிடம் ஒப்படைக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் மறுத்தது. சட்டம் 1925இலும் 1930இலும் திருத்தப்பட்டது. அரசுப் பள்ளிகள் நடைமுறையில் புராட்டஸ்டண்ட் பள்ளிகளாயின. கத்தோலிக்கர் தங்கள் பள்ளிகளைத் தனியே நடத்தினர். ஆசிரியர் பயிற்சியும் இதே வழியில் பிரிந்தது: கத்தோலிக்க ஆசிரியர்களுக்குப் புனித மரியாள் கல்லூரி, மற்றவர்களுக்கு ஸ்ட்ரான்மில்லிஸ். இரண்டும் பெல்ஃபாஸ்ட் நகரில்தான் இருக்கின்றன. ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்த நாள்முதல் ஆசிரியராகி வகுப்பெடுக்கும் நாள்வரை மறுதரப்பினர் ஒருவரோடு கூடப் பழகாமல் இருந்துவிட முடியும். வேலை கொடுப்பதில் சமயம் பார்க்கக் கூடாது என்ற சட்டத்திலிருந்து பள்ளி ஆசிரியர்களுக்கு இருந்த விலக்கே 2022ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீக்கப்பட்டது.

1960களின் இறுதியில் தொடங்கி 1998 வரை நீண்ட வன்முறையில் சுமார் 3,500 பேர் உயிரிழந்தனர். கத்தோலிக்கர் பெரும்பாலும் விரும்பியபடி அயர்லாந்தோடு சேர்வதா, புராட்டஸ்டண்டுகள் பெரும்பாலும் விரும்பியபடி பிரிட்டனோடு இருப்பதா என்ற அரசியல் சச்சரவு அது. பள்ளிகளால் மூண்டதென்று சொல்ல முடியாது. ஆனால் யார் எந்தத் தரப்பு என்பதைச் சீருடையே காட்டிக்கொடுத்தது. வன்முறையை முடிவுக்குக் கொண்டுவந்த 1998ஆம் ஆண்டு உடன்பாடு கையெழுத்தான பிறகும், 2001இல் வடக்கு பெல்ஃபாஸ்ட்டின் ஆர்டாய்ன் பகுதியில், திருச்சிலுவைத் தொடக்கப் பள்ளிக்குப் போன கத்தோலிக்கச் சிறுமிகள் மறுதரப்பினரின் வசைகளுக்கு நடுவே காவல்துறையும் ராணுவமும் இருபுறம் நிற்க நடந்துபோனார்கள். பள்ளிக்குப் போகும் வழியே போர்க்களமானதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

தாய்மார் தொடங்கியது

1970களின் தொடக்கத்தில் டவுன் கவுண்டியின் வடக்குப் பகுதியில் சில கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளைக் கத்தோலிக்கம் அல்லாத பள்ளிகளில் சேர்த்திருந்தன. பிள்ளைகள் முதல் நற்கருணை, உறுதிபூசுதல் என்னும் திருச்சபைச் சடங்குகளுக்கு ஆயத்தமாக வேண்டுமே என்று தாய்மார் தாங்களே மறைக்கல்வி வகுப்பு நடத்தினர். 'அனைத்துப் பிள்ளைகளும் ஒன்றாக' என்ற இயக்கம் அதிலிருந்து வளர்ந்தது. இதைத் தொடங்கியவர்கள் சமயத்தை விட்டு விலகியவர்கள் அல்லர். தங்கள் விசுவாசத்தைப் பிள்ளைகளுக்குத் தர விரும்பியவர்களே, அதற்காகப் பிள்ளைகளைப் பிரித்துவைக்க வேண்டியதில்லை என்று கண்டார்கள். இந்த முறையைப் புரிந்துகொள்ள இதைவிட முக்கியமான செய்தி வேறில்லை.

இருக்கும் பள்ளிகள் விரும்பினால் ஒருங்கிணைந்த பள்ளியாக மாறலாம் என்று 1978இல் ஒரு சட்டம் வந்தது. ஒரு பள்ளியும் மாறவில்லை. ஆகவே பெற்றோர் தாங்களே பள்ளி தொடங்கினர். முதல் பள்ளி திறந்த ஆண்டின் சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும்: 1981 மே முதல் ஆகஸ்ட் வரை மேஸ் சிறையில் உண்ணாவிரதம் இருந்த அயர்லாந்தோடு சேர விரும்பிய குடியரசுவாதக் கைதிகள் 10 பேர் இறந்தனர், தெருக்கள் கொதித்துக்கொண்டிருந்தன. அந்தச் செப்டம்பரில், நகரின் தெற்கு ஓரத்தில் இருந்த ஒரு சாரணர் கூடத்தில், ஷீலா கிரீன்ஃபீல்டைத் தலைமையாசிரியராகக் கொண்டு லேகன் கல்லூரி திறந்தது. அரசுப் பணம் இல்லை. பெற்றோரின் பணமும் அறக்கட்டளைகளின் நன்கொடையுமே தாங்கின. 1984இல்தான் அரசு நிதி கிடைத்தது. இன்று அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் படிக்கிறார்கள்.

ஒருங்கிணைந்த கல்வியை ஊக்கப்படுத்துவதும் அதற்கு வழிசெய்வதும் கல்வித்துறையின் கடமை என்று 1989ஆம் ஆண்டின் சீர்திருத்த ஆணை விதித்தது. 1998ஆம் ஆண்டின் புனித வெள்ளி உடன்பாடும், இருதரப்பினரும் கலந்து வாழும் குடியிருப்புகளோடு சேர்த்து, இக்கல்வியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது.

பள்ளி நடக்கும் விதம்

நூற்றில் 40 பேர் கத்தோலிக்கர், 40 பேர் புராட்டஸ்டண்ட், 20 பேர் மற்றவர் என்பது வழிகாட்டும் விகிதம். மாணவர் சேர்க்கையில் மட்டுமல்லாமல் ஆசிரியர் நியமனத்திலும் நிர்வாகக் குழுவிலும் சமநிலை தேடப்படுகிறது. யாரும் மற்றவர் வீட்டுக்கு விருந்தாளியாக வந்திருப்பதாக உணரக் கூடாது என்பதே இதன் நோக்கம். பெற்றோர் விரும்பும் கத்தோலிக்க மாணவர்களுக்கு நற்கருணை போன்ற அருட்சாதனங்களுக்கான ஆயத்தம் பள்ளியிலேயே நடக்கும்.

சிறிய கேள்விகள்தாம் உண்மையில் கடினமானவை. திருநீற்றுப் புதனன்று நெற்றியில் சாம்பலோடு வரும் பிள்ளையை மற்ற பிள்ளைகள் எப்படிப் பார்ப்பார்கள்? நவம்பரில் பிரிட்டன் படைவீரர்களின் நினைவாக அணியும் சிவப்புப் பாப்பிப் பூவைப் பள்ளியில் குத்திக்கொள்ளலாமா? விளையாட்டு மைதானத்தில் அயர்லாந்தின் மரபு விளையாட்டான கேலிக் கால்பந்தா, ரக்பியா? வரலாற்றுப் பாடத்தில் 1916ஐ எடுத்துக்கொண்டால், ஒரு தரப்புக்கு அது டப்ளினில் நடந்த ஈஸ்டர் எழுச்சி. மறுதரப்புக்குப் பிரிட்டன் ராணுவத்தின் அல்ஸ்டர் படைப்பிரிவினர் பலர் சோம் போரில் மடிந்த ஆண்டு. இரண்டையும் ஒரே வகுப்பில் ஒரே ஆசிரியர் நடத்த வேண்டும்.

உளவியலாளர் கோர்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில், பிரிந்த தரப்பினர் சேர்ந்து பழகுவது எப்போது பலன் தரும் என்பதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். வெறும் சந்திப்பு தப்பெண்ணத்தைப் போக்காது. சமமான நிலை, பொதுவான இலக்கு, கூட்டு உழைப்பு, அதிகாரத்தின் ஆதரவு ஆகியவை சேர வேண்டும் என்றார். ஒருங்கிணைந்த பள்ளியின் அமைப்பு இந்த நான்கையும் நிறைவேற்றப் பார்க்கிறது. ஆனால் வட அயர்லாந்து வகுப்பறைகளை ஆராய்ந்தவர்கள் ஒரு குறையையும் காட்டினார்கள்: மனம் நோகுமே என்று சர்ச்சைக்குரிய பேச்சை ஆசிரியர்கள் பல இடங்களில் தவிர்த்துவிடுகிறார்கள். இந்த நாகரிகம் பிள்ளைகளுக்கு உதவாது. வேற்றுமையைப் பற்றிப் பேசத் துணியாத வகுப்பில் வேற்றுமை வெளியே, பேசத் தெரியாதவர்களிடம், கற்கப்படுகிறது.

எதிர்ப்பும் மாற்றுவழியும்

கத்தோலிக்கப் பள்ளிகள் தாமே பிரிவினைக்குக் காரணம் என்று பேசப்படுவதை ஆயர்கள் மறுக்கின்றனர். தம் சமயப் பண்பாட்டோடு பிள்ளையை வளர்ப்பது பெற்றோரின் உரிமை என்ற அவர்களின் வாதம் நியாயமானது. இதை மதித்து, பள்ளிகள் தத்தம் அடையாளத்தோடு இருக்க, பாடங்களையும் வசதிகளையும் மட்டும் பகிர்ந்துகொள்ளும் 'பகிர்வுக் கல்வி' 2007 முதல் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் வளர்ந்தது. 2016இல் அதற்கும் சட்டம் வந்தது. பல ஆயிரம் பிள்ளைகளை அது சென்றடைகிறது. ஆயினும் வாரத்தில் சில மணிநேரம் பக்கத்துப் பள்ளிக்குப் போய்வருவதும், ஏழு ஆண்டுகள் ஒரே பெஞ்சில் உட்காருவதும் ஒன்றல்ல.

ஒருங்கிணைந்த கல்விக்கு அரசின் ஆதரவை வலுப்படுத்தும் சட்டம், வட அயர்லாந்துச் சட்டமன்ற உறுப்பினர் கெல்லி ஆர்ம்ஸ்ட்ராங் கொண்டுவந்த மசோதாவாகத் தொடங்கி, கடும் விவாதத்துக்குப் பின் 2022இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய ஆண்டு, ஆன்ட்ரிம் கடற்கரையில் கிளெனார்ம் ஊரின் சீவியூ தொடக்கப் பள்ளி ஒருங்கிணைந்த பள்ளியாக மாறியது. மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்படும் நிலையில் இருந்த பள்ளி அது. அப்படி மாறிய முதல் கத்தோலிக்கப் பள்ளி அதுதான். இத்தகைய மாற்றத்துக்கு முதலில் பெற்றோரின் வாக்கெடுப்பு நடக்க வேண்டும். கிளெனார்மிலும் பெற்றோர்தாம் வாக்களித்தார்கள்.