பொறிக்குள் பொறி: செயலியின் நிலையை நிரலால் நிகழ்த்திய வரலாறு

ஒரு கணிப்பொறியின் செயலி கைக்கு வாராத நிலையிலும், அதனை மற்றொரு பொறியின் நினைவகத்தில் நிரலாக எழுதி இயக்கலாம் என்பது கணிப்பொறியியலார் அறிந்ததே. இம்முறை 1964 ஏப்ரல் 7இல் ஐபிஎம் நிறுவனம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையோடு தோன்றியது என்பாரும் உளர். ‘எமுலேஷன்’ என்னும் சொல் அவ்வரிசையால் பரவியமை அக்கருத்துக்குக் காரணமாகலாம். ஆயின் சொல்லின் வரலாறு வேறு. பொருளின் வரலாறு வேறு.

ஒரு பொறி பிறிதொன்றைப் போல இயங்கக்கூடும் என்பதைக் கொள்கையளவில் 1936இலேயே டூரிங் நிறுவினார். நடைமுறைச் சான்றினைக் கேம்பிரிட்சில் காண்கிறோம். ஆங்குள்ள எட்சாக் கணிப்பொறி 1949 மே 6இல் முதல் நிரலை இயக்கியது. நிரல்களில் பிழை மலிந்தமையின், அவற்றைக் கண்டறியும் வழியொன்றை ஸ்டான்லி கில் 1951இல் இராயல் கழக ஆய்விதழில் விளக்கினார். அவருடைய சோதனை நிரல், ஆராயப்படும் நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தன்னுள் ஓரிடத்து வைத்து நிறைவேற்றி, கட்டளையின் எழுத்தை அச்சிட்டுச் சென்றது. சோதிப்பதற்கும் சோதிக்கப்படுவதற்கும் திரட்டி ஒன்றே. ஆதலின் பின்னதன் திரட்டியிலிருந்த எண்ணை நினைவகத்தில் காத்துவைத்து மீட்டளிக்க வேண்டியதாயிற்று; அடுத்த கட்டளை யாது என்பதையும் குறித்துவைக்க நேர்ந்தது. செயலியின் நிலையாவது எழுதிவைக்கத்தக்க சில எண்களே என்பது இங்கு வெளிப்படுகிறது. எனினும் கட்டளையை நிறைவேற்றியது உண்மைப் பொறியே. சிஸ்டம்/360 பழைய 1401 பொறியின் நிரல்களை இயக்கியபோதும் வன்பொருளின் நுண்ணிரல் துணைநின்றது.

துணை ஏதுமின்றி முழு நிலையையும் எழுத்தாக்கிய முயற்சிக்குச் சிறந்த எடுத்துக்காட்டு 1975இல் நிகழ்ந்தது. அவ்வாண்டுச் சனவரி ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழின் அட்டையில் ஆல்ட்டேர் 8800 இடம்பெற்றது. அதற்கென பேசிக் மொழியை ஆக்க முனைந்த பில் கேட்சு, பால் ஆலன் இருவரிடமும் ஆல்ட்டேரும் இல்லை. அதன் இன்டெல் 8080 செயலியும் இல்லை. இருந்தவை செயலியின் கையேடும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துப் பிடிபி-10 பொறியுமே. கேட்சு பேசிக்கை எழுதினார். மிதவைப்புள்ளிக் கணக்கீட்டுப் பகுதி மான்ட்டி டேவிடாஃப் எழுதியது. ஆலன் 8080ஐப் போலச்செய்யும் நிரலை எழுதினார். பேசிக்கைப் புகழ்வோர் பலர். அது பிறந்த போலிச் செயலியை நினைப்போர் சிலரே.

8080இன் நிலை சிறிது: 8 பிட் பதிவகங்கள் ஏழு; கட்டளைச் சுட்டி, அடுக்குச் சுட்டி என 16 பிட் அளவின இரண்டு; கொடிகள் ஐந்து. இவற்றோடு 65,536 பைட்டு வரையிலான நினைவகம். 36 பிட் சொற்களையுடைய பிடிபி-10இல் இவற்றுக்கு இடம் காண்டல் அரிதன்று. அருமை கொடிகளில் உள்ளது. 8 பிட் கூட்டல் ஐந்து கொடிகளையும் மாற்றும். பதிவகத்தோடு ஒன்று கூட்டும் கட்டளையோ, அடுத்த இடத்துக்கு ஏறும் மிகுதியைக் காட்டும் கொடியை மட்டும் தொடாது. இரட்டைப் பதிவகத்தோடு ஒன்று கூட்டினால் எக்கொடியும் மாறாது. இவ்விலக்கணத்தில் ஒன்றைப் பிறழ உணரின், போலியில் செவ்வனே ஓடும் நிரல் மெய்ச் செயலியில் தவறும். அப்பிழையைப் போலி காட்டாது. உணர்ந்தவனின் பிழையே அதன் இலக்கணமாகிவிடும்.

ஆலன் செய்துகாட்டப் புறப்பட்ட பின்னரே ஒரு குறை தெரிந்தது. நாடாவிலுள்ள பேசிக்கை வெற்று நினைவகத்தில் ஏற்றும் சிறுநிரல் எழுதப்படவே இல்லை. இதனை வெறும் மறதி என்பர். நாம் அவ்வாறு கருதவில்லை. போலிப் பொறியில் நிரலை நேரே நினைவகத்தில் வைத்துத் தொடங்கலாம். ஒன்றுமறியாப் பொறியின் முதல் நிலை அங்கு நிகழ்வதே இல்லை. நிகழாத நிலை நினைவுக்கு வாராமை இயல்பே.

விமானத்திலேயே ஆலன் அச்சிறுநிரலை எழுதி முடித்தார். ஆல்புகர்க்கி நகரத்து மிட்ஸ் நிறுவனத்தில், அதனை ஆல்ட்டேரின் முகப்பு விசைகளால் பதித்து, நாடாவை ஓட்டினார். பொறி நினைவக அளவை வினவியது. இரண்டும் இரண்டும் கூட்டுமாறு பணித்தபோது, 4 என அச்சிட்டது.