மத்லப் கிராமங்களும் கொலராத் தடுப்பு மருந்தும்: பரிசோதனை ஆற்றலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

நோய் எங்கு மிகுதியாக உள்ளதோ அங்குதான் அந்நோய்க்கான தடுப்பு மருந்தை முறையாகப் பரிசோதிக்க முடியும். ஆனால் நோய் மிகுந்த நாடுகள் பெரும்பாலும் வறிய நாடுகளே. பரிசோதனைக்கு வேண்டிய நிதியும் ஆய்வுகூடங்களும் நிபுணத்துவமும் செல்வந்த நாடுகளிற் குவிந்துள்ளன. வறிய நாடுகளிற் பரிசோதனை ஆற்றலை வளர்த்தல் என்னும் பிரச்சினை இம்முரண்பாட்டிலிருந்தே எழுகின்றது. அவ்வாற்றலைக் கட்டடங்களாகவும் குளிரூட்டிகளாகவும் வெளிநாட்டுப் பயிற்சியாகவும் மட்டும் காணும் போக்குப் பரவலாக உண்டு. வங்காளதேசத்தின் மத்லப் பிரதேச வரலாற்றை நோக்குமிடத்து இக்கருத்துப் போதாது என்பது புலனாகும். மக்களைக் கணக்கெடுப்பவர் யார், சிகிச்சை பெறுபவர் யார், கண்டறிந்த உண்மையின் பயன் யாரைச் சென்றடைகின்றது என்னும் வினாக்களை நாம் ஒருசேர எழுப்புதல் வேண்டும்.

கங்கைக் கழிமுகம் கொலராவின் நெடுங்கால உறைவிடமாகும். 1894ஆம் ஆண்டு வல்டிமர் ஹவ்கின் கல்கத்தாவின் சேரிகளிற் கொலராத் தடுப்பூசியைச் சோதித்தார். ஒரே வீட்டில் ஊசி ஏற்றிக்கொண்டோரையும் ஏற்றிக்கொள்ளாதோரையும் ஒப்பிட்ட அவரது முறை அக்கால விஞ்ஞானத்தில் ஒரு முன்னேற்றமே. எனினும் அவரது பணி சேரிகளோடு நில்லாது சிறைச்சாலைகள், படைமுகாம்கள், அசாமின் தேயிலைத் தோட்டங்கள் ஆகியவற்றுக்கு விரிந்தமை தற்செயலானதன்று. கைதியும் சிப்பாயும் தோட்டத் தொழிலாளியும் நினைத்தவாறு விலகிச் செல்ல இயலாதவர்கள். ஆதலால் எண்ணுவதற்கு எளியவர்கள். குடியேற்ற ஆட்சியின் கீழ்ப் பரிசோதனைக்கு வேண்டிய ஒழுங்கை அடக்குமுறை நிறுவனங்களே வழங்கின எனலாம்.

இரண்டாம் கட்டம் 1960இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு டாக்காவில் பாக்கிஸ்தான்–சீற்றோ கொலரா ஆராய்ச்சிக்கூடம் நிறுவப்பட்டது. சீற்றோ எனப்பட்ட தென்கிழக்காசிய ஒப்பந்த அமைப்பு ஓர் இராணுவக் கூட்டணியாகும். ஐக்கிய அமெரிக்காவின் நிதியிற் பெரிதும் தங்கியிருந்த இந்நிறுவனத்தின் தோற்றத்தை உலகப் பனிப்போரிலிருந்து பிரித்து நோக்க முடியாது. ஆயினும் ஒரு நிறுவனத்தின் தோற்றம் அதன் வரலாறு முழுவதையும் தீர்மானித்துவிடுவதில்லை. மத்லப்பின் சிறப்பு இங்குதான் உள்ளது.

1963இல் ஆறுகளாற் சூழப்பட்ட மத்லப்பில் ஊசிமருந்துப் பரிசோதனை ஆரம்பிக்கப்பட்டது. நோயாளரைக் கண்டறிய வேண்டுமாயின் அவர்கள் நாடிவரும் வைத்தியசாலை ஒன்று வேண்டும். எனவே மிதவைப் படகொன்றிற் சிகிச்சை நிலையம் அமைந்தது. விரைவுப் படகுகள் நோயாளரை ஏற்றி வந்தன. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. 1966இல் 132 கிராமங்களில் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு ஆகியவற்றைத் தொடர்ந்து பதிவுசெய்யும் முறை ஏற்பட்டது. வீடுவீடாகச் சென்று செய்தி சேகரித்தோர் அக்கிராமங்களின் பெண்களே. அவர்களுட் பலர் எழுத்தறிவற்றோராயினும், எவ்வீட்டிற் குழந்தை பிறந்தது, எவ்வீட்டில் வயிற்றோட்டம் கண்டது என்பதை அவர்களைவிட நன்கறிந்தார் எவருமிலர். 1971இன் விடுதலைப் போரினால் இறப்புகள் எவ்வளவு பெருகின என்பதைப் பின்னர் அறியமுடிந்தமைக்கும் இப்பதிவே ஆதாரமாயிற்று.

இக்கட்டமைப்பு ஈட்டிய முதற் பேறு தடுப்பு மருந்தன்று. குளுக்கோசும் உப்புகளும் கரைத்த நீரைப் பருகச் செய்தே கொலரா நோயாளரைக் காப்பாற்றலாம் என்பதை டேவிட் நலின், றிச்சட் காஷ், றபிக்குல் இஸ்லாம் முதலியோர் 1968இல் வெளியிட்டனர். ஊசிமருந்துகளோ ஏமாற்றமளித்தன; அவற்றின் பாதுகாப்பு முழுமையற்றதும் குறுகியதுமாக இருந்தது. 1974இல் 90,000க்கு மேற்பட்டோர் பங்குகொண்ட கொலரா நச்சுமுறிப் பரிசோதனையும் தோல்வி கண்டது. ஆனால் அத்தோல்வியிலும் ஒரு பயன் விளைந்தது. ஒப்பீட்டுக்காக மற்றைய குழுவினருக்கு ஏற்புவலி, தொண்டைக்கரப்பன் ஆகியவற்றுக்கெதிரான ஊசி ஏற்றப்பட்டிருந்தது. அக்குழுவைச் சேர்ந்த பெண்களுக்குப் பின்னாளிற் பிறந்த சிசுக்களிடையே, பிறந்து 4 முதல் 14 நாள்களுக்குள் நிகழும் இறப்புகள் குறைந்திருந்தன. பிறப்பும் இறப்பும் ஆண்டாண்டாகப் பதிவாகியிராவிடின் இவ்வுண்மை எவர் கண்ணுக்கும் புலப்பட்டிராது.

1978இல் அந்நிறுவனம் வங்காளதேசச் சட்டத்தின்கீழ்ச் சர்வதேச வயிற்றோட்ட நோய் ஆராய்ச்சி நிலையமாக மாற்றமுற்றது. 1985இல் வாய்வழித் தடுப்பு மருந்துகள் இரண்டு மத்லப்பிற் பரிசோதிக்கப்பட்டன. ஒன்று கொல்லப்பட்ட கொலராக் கிருமிகளை மட்டும் கொண்டது; மற்றையது அவற்றுடன் விலையுயர்ந்த புரதக்கூறொன்றும் சேர்ந்தது. 2 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளும் அவ்வயதைக் கடந்த பெண்களுமாக 62,285 பேர் இம்மருந்துகளுள் ஒன்றையோ ஒப்பீட்டுக்கான போலிமருந்தையோ மும்முறை அருந்தினர். முதல் ஆறு மாதங்களிற் புரதக்கூறு சேர்ந்த மருந்து 85 சதவீதமும் எளிய மருந்து 58 சதவீதமும் பாதுகாப்பளித்தன. பரிசோதனை அத்துடன் முடிவுற்றிருப்பின் விலையுயர்ந்த மருந்தே வென்றது என்று எழுதப்பட்டிருக்கும். மூன்றாண்டு முடிவிலோ அவை முறையே 50, 52 சதவீதங்களாயின. மலிவான மருந்து வறிய நாடுகளுக்குப் போதும் என்னும் இம்முடிவு, மூன்றாண்டும் அதே வீடுகளை அறிந்திருந்ததன் விளைவாகும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அப்பரிசோதனையின் ஏடுகள் 2005இல் மீண்டும் ஆராயப்பட்டன. மருந்து அருந்தியோர் குறைவாயிருந்த இடங்களிற் போலிமருந்து பெற்றோருள் ஆயிரத்துக்கு 7.01 பேருக்குக் கொலரா கண்டிருந்தது. மருந்து அருந்தியோர் மிகுந்த இடங்களில் இத்தொகை 1.47 மட்டுமே. அயலவர் பெற்ற மருந்து அதைப் பெறாதவரையும் காத்தது.

இனி, பயனைப் பெற்றோர் யார்? புரதக்கூறு சேர்ந்த மருந்து 1991இற் சுவீடனில் அனுமதி பெற்றது. வெப்ப நாடுகளுக்குச் செல்லும் செல்வந்த நாட்டுப் பிரயாணிகளே அதனைப் பெரிதும் வாங்கினர். மத்லப் பெண்கள் தம் உடல்களால் மெய்ப்பித்த மருந்து அவர்களைப் போன்றோருக்கு எட்டவில்லை. மாறாக, எளிய மருந்தின் செய்முறையைச் சுவீடன் விஞ்ஞானிகளிடமிருந்து பெற்ற வியட்நாம் அதனைத் தன் நாட்டிலேயே தயாரித்தது, ஹூவே நகரில் 1992–93இற் பரிசோதித்து 66 சதவீதப் பாதுகாப்பைக் கண்டது, 1997இல் அனுமதித்தது. அவ்வழியிற் சீர்திருத்தப்பட்ட மருந்து 2006 முதற் கல்கத்தாவின் சேரிகளிற் பரிசோதிக்கப்பட்டு, 2009இல் இந்தியாவிலும், 2011இல் உலக சுகாதார தாபனத்தினாலும் ஏற்கப்பட்டது. ஹவ்கின் ஊசியேற்றிய அதே நகரில், ஆசிய நிறுவனங்கள் தயாரித்த மருந்து ஆசிய விஞ்ஞானிகளின் பங்களிப்புடன் சோதிக்கப்பட்டது என்பதில் ஒரு நூற்றாண்டின் மாற்றத்தை நாம் காண்கின்றோம்.

வங்காளதேசத்திற் பிர்தௌசி காத்ரி முதலிய உள்நாட்டு ஆய்வாளர் இப்பணியை முன்னெடுத்தனர். 2017இல் றோகிங்யா அகதி முகாம்களில் ஏறத்தாழ ஏழு இலட்சம் பேருக்கும், 2022இல் டாக்காவில் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோருக்கும் வாய்வழி மருந்து வழங்கப்பட்டது. 1985க்கும் இவற்றுக்கும் இடைப்பட்ட காலம் முப்பதாண்டுகளுக்கு மேலாகும். இத்தாமதத்தை விஞ்ஞானத்தின் தாமதம் எனக் கூறவியலாது. எளிய மருந்தின் பயன் மூன்றாண்டிலேயே தெரிந்துவிட்டது. வாங்க இயலாதோருக்காக அதனைத் தயாரிக்க முன்வருவோரே அரிதாயினர்.

ஆகவே நாம் கொள்ளவேண்டிய முடிபு தெளிவானது. பரிசோதனை ஆற்றல் என்பது நீண்டகாலக் கணக்கெடுப்பு, கட்டணமற்ற சிகிச்சை, உள்நாட்டு விஞ்ஞானிகள், உள்நாட்டு உற்பத்தி ஆகியவை சேர்ந்ததொரு சமூக உறவாகும். முதல் மூன்றையும் மத்லப் பெற்றிருந்தது. நான்காவது இல்லாமையால் அதன் மக்கள் ஒரு தலைமுறைக் காலம் காத்திருந்தனர். பரிசோதனை நிலையங்களை நிறுவ முன்வரும் நாடுகளும் நிறுவனங்களும் மருந்தை உற்பத்தி செய்யும் ஆலையைப் பற்றியும் முதல் நாளிலேயே பேசுதல் வேண்டும். தம் கையை நீட்டிய கிராமத்தவருக்கு அம்மருந்து எப்போது, என்ன விலையிற் கிடைக்கும் என்னும் வினாவுக்கு விடையில்லாத பரிசோதனை, எத்துணை நுட்பமாக அமைந்தாலும், ஹவ்கின் காலத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வெகுதூரம் வந்துவிட்டதாகக் கூறமுடியாது.