தொழுவத்தில் பிறந்த சொல்

சாயங்காலம் சடையங்குப்பத்தில் எருமைகள் கரையேறும் நேரத்தில், கண்டெய்னர் லாரியே ஆனாலும் நின்றுதான் போக வேண்டும். ஈரம் சொட்டச் சொட்ட, ஒன்றின் வாலை ஒன்று பார்த்தபடி, அவசரமே இல்லாமல் அவை சாலையைக் கடக்கும். புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி வழியாக வந்து, இந்த ஊரைத் தொட்டுக்கொண்டுதான் எண்ணூர் கழிமுகத்துக்குப் போகிறது. 2011இல் சடையங்குப்பம் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. ஆனாலும் மாடு வைத்திருந்தவர்கள் இன்னும் மாட்டை விடவில்லை.

அங்கே ஒரு பெரியவரின் கொட்டகையில் ஒரு எருமை மட்டும் மற்றவற்றுக்கு எட்டாத தூரத்தில் தனியாகக் கட்டியிருந்தது. அதற்குத் தனித் தொட்டி. வைக்கோலும் தனி. பால் கறக்கும் பையன் மற்ற மாடுகளையெல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் அதனிடம் போனான்.

“ஏன் தாத்தா, அது மட்டும் தனியா?”

“புச்சு தம்பி. போன வாரம் வாங்கியாந்தது. இருவது நாளு தனியா கட்னாதான் அதுக்கு இன்னா கீது, இல்லன்னு தெரியும். நேரா உள்ள வுட்டா அல்லாத்தையும் கெடுத்துடும்.”

கொரோனா காலத்தில் உலகத்தையே இரண்டாகப் பிளந்த ஒரு சொல் இப்படிப்பட்ட தொழுவத்தில்தான் பிறந்தது. ‘ஹெர்ட் இம்யூனிட்டி’ என்றார்கள். நம் பத்திரிகைகள் மந்தை எதிர்ப்பாற்றல் என்றன, சமூக எதிர்ப்பாற்றல் என்றன, கூட்டு நோய் எதிர்ப்பு சக்தி என்றன. மனிதர்களை மந்தை என்பதா என்று பலருக்குக் கூசியது. எனக்கு அந்தச் சொல்லில் கூச்சம் இல்லை, மந்தைவெளி என்று பேட்டைக்கே பெயர் வைத்த ஊர் இது. அந்தச் சொல் எந்தக் கட்டுத்தறியிலிருந்து அவிழ்த்து வரப்பட்டது என்பதை யாரும் சொல்லவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

நூறு ஆண்டுகளுக்கு முன், 1910களின் பிற்பாதியில், அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஜார்ஜ் பாட்டர் என்ற கால்நடை மருத்துவர் இருந்தார். அப்போது அந்நாட்டு மாடுகளைக் கன்று வீச்சு நோய் வாட்டிக்கொண்டிருந்தது. சினைமாடு மாதம் நிறையுமுன் கன்றை வீசிவிடும். வீசிய மாட்டை உடனே விற்றுத் தள்ளிவிட்டு வேறு மாடு வாங்கிக் கட்டுவதுதான் பண்ணையாளர்களின் வழக்கம். அது தப்பு என்றார் பாட்டர். ஒருமுறை வீசிய மாடு பெரும்பாலும் மறுமுறை வீசுவதில்லை. நோயைத் தாங்கித் தேறிய மாட்டை விற்றுவிட்டு, நோயே அறியாத மாட்டைக் கொண்டுவந்து கட்டினால், அணையப் போகிற நெருப்பில் விறகு போட்டதாகிவிடும். ஆகவே தேறிய மாடுகளை வைத்துக்கொள்ளுங்கள், அவற்றின் கன்றுகளை நீங்களே வளர்த்தெடுங்கள், வெளிமாடு எதையும் உள்ளே விடாதீர்கள். இப்படிச் செய்தால் மந்தைக்கே ஓர் எதிர்ப்பாற்றல் வந்துவிடும். அடால்ஃப் ஐக்ஹார்ன் என்பவரோடு சேர்ந்து அவர் ஊன்றிய சொல் இது.

மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். வெளிமாடு கூடாது. வேலி இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கு உயிர். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: மந்தை தேறுவதற்குள் வீசப்பட்ட கன்றுகள் திரும்பி வருவதில்லை. பண்ணைக்காரர் அதை நஷ்டக் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

அங்கிருந்து சொல் எலிக்கூண்டுக்குப் போனது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் டாப்ளி, வில்சன் என்ற இருவர் எலிக் கூட்டங்களில் நோயைப் பரவவிட்டுப் பார்த்தார்கள். 1923இல் வெளிவந்த அவர்களின் கட்டுரைத் தலைப்பிலேயே மந்தை எதிர்ப்பாற்றல் இருந்தது. டாப்ளியின் சோதனைகள் காட்டியதும் பாட்டர் சொன்னதைத்தான். கூண்டுக்குள் புது எலிகளை விட்டுக்கொண்டே இருந்தால், ஓய்ந்த கொள்ளைநோய் மறுபடி தலைதூக்கும்.

அப்புறம்தான் சொல்லோடு எண் ஒட்டிக்கொண்டது. ஒரு நோயாளி சராசரியாக இரண்டரைப் பேருக்குத் தொற்ற வைப்பார் என்றால், நூற்றுக்கு அறுபது பேருக்கு எதிர்ப்பாற்றல் வந்ததும் பரவல் இறங்குமுகமாகும் என்பது கணக்கு. எல்லோரும் எல்லோரோடும் ஒரே அளவில் புழங்குகிறார்கள் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு அது.

எண்ணை நம்பி ஏமாந்த அனுபவம் நமக்கு முன்பே உண்டு. 1962இல் தொடங்கிய தேசியப் பெரியம்மை ஒழிப்புத் திட்டம், நூற்றுக்கு எண்பது பேருக்கு அம்மை குத்திவிட்டால் போதும் என்று கிளம்பியது. பெரியம்மை போகவில்லை. நெருக்கமான குடியிருப்புகளில் விடுபட்டுப்போன இருபது பேரிடையே அது ஓடிக்கொண்டே இருந்தது. தண்டையார்பேட்டை தொற்றுநோய் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான பெரியம்மை நோயாளிகளைக் கிட்டத்திலிருந்து பார்த்து எழுதிய டாக்டர் ஏ. ராமச்சந்திர ராவ், நோய் ஒரு வீட்டுக்குள் யாரிடமிருந்து யாருக்குத் தாவுகிறது என்று குடும்பம் குடும்பமாக ஆராய்ந்தார். கடைசியில் பெரியம்மையை ஒழித்ததும் சதவீதம் அல்ல. நோய் இருக்கும் வீட்டைத் தேடிப் பிடித்து, அதைச் சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் குத்திய வழிதான் வென்றது. 1975க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை. தண்டையார்பேட்டைக்கு இது ஊர்க்கதை.

2020 மார்ச் 13 அன்று பிரிட்டன் அரசின் தலைமை அறிவியல் ஆலோசகர் பாட்ரிக் வாலன்ஸ் அதே அறுபது சதவீதத்தைச் சொன்னார். எதிர்ப்பு கிளம்பியது, பத்து நாளில் அங்கும் ஊரடங்கு வந்தது. மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு, அன்று நள்ளிரவிலிருந்து நாடு முழுக்க ஊரடங்கு.

இந்தியாவில் இந்த வாதத்தின் இரண்டு முனைகளிலும் நம் ஊரோடு தொடர்புடையவர்களே நின்றார்கள். வேலூர் சி.எம்.சி.யின் முன்னாள் முதல்வர், தொற்றுநோயியல் அறிஞர் ஜெயபிரகாஷ் முளியில், நீண்ட ஊரடங்கை எந்த நாடும் தாங்காது, இந்தியா தாங்கவே தாங்காது என்றார். முதியவர்களைக் காப்பாற்றி வைத்துக்கொண்டு, இளையவர்களை வேலைக்கு விட்டால், முதியவர்களைத் தொடாமலேயே மந்தை எதிர்ப்பாற்றலை எட்டலாம் என்பது அவர் கருத்து. மறுமுனையில் சௌம்யா சுவாமிநாதன். சேத்துப்பட்டில் உள்ள காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தை நடத்தியவர், அப்போது உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி. தானாகப் பரவவிட்டு அந்த நிலையை எட்ட அலை அலையாக நோய் வரவேண்டும், சாவுகள் மிகும், தடுப்பூசி வழிதான் வழி என்றார்.

முளியில் கல்நெஞ்சக்காரர் என்று அப்போது பலர் ஏசினார்கள். நான் அதை ஏற்கமாட்டேன். ஊரடங்கு யாரை நசுக்கியது என்பதை வடசென்னையில் இருந்தவர்கள் கண்ணால் பார்த்தோம். காசிமேட்டில் படகுகள் கட்டிக் கிடந்தன. ரேஷன் அட்டைக்கு ஆயிரம் ரூபாய் வந்தது, அது எத்தனை நாளைக்கு? அம்மா உணவக வாசலில் தட்டோடு நின்றவர்களில், ஒரு மாதம் முன்புவரை நான்கு பேருக்குச் சோறு போட்டவர்கள் இருந்தார்கள். அந்தப் பசியைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்ட மருத்துவரை நான் மதிக்கிறேன். ஆனால் அவர் வழி, கிழவரையும் பேரனையும் பிரித்து வைக்க முடிகிற வீட்டுக்கான வழி.

ஊரடங்குக்கும் இங்கே வேலி இல்லை. துறைமுகம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு, சரக்கு லாரி எல்லாம் விதிவிலக்கு. நாட்டின் வயிறு நிறைய வேண்டும் என்பதால் வடசென்னையின் வாசல் திறந்தே இருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு வெளியே போகத் தடை, வெளியிலிருந்து வரும் சரக்கை இறக்க மட்டும் ஆள் வேண்டும். ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் அதற்கு முந்தின நாள் கடைகளில் நெருக்கியடித்த கூட்டம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மாநகராட்சியின் அப்போதைய பதினைந்து மண்டலங்களில், தொற்று எண்ணிக்கையில் ராயபுரம்தான் வாரக்கணக்கில் முதலிடத்தில் இருந்தது.

அந்த ஜூலை மாதத்துக்கு இரண்டு எண்கள் உண்டு. மாநகராட்சியும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும் 12,405 பேரின் ரத்தத்தைச் சோதித்தன. நகரம் முழுவதும் சேர்த்து 21.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போயிருந்தது. தண்டையார்பேட்டையில் மட்டும் 44 சதவீதம், ராயபுரத்தில் 34. பக்கத்து மாதவரத்தில் பத்துகூட இல்லை. இரண்டாவது எண் 444. சென்னையில் அதுவரை கணக்கில் வராமல் விட்டுப்போன கொரோனா சாவுகள் அத்தனை என்று ஜூலை 22 அன்று அரசு அறிவித்துச் சேர்த்துக்கொண்டது.

முதல் எண்ணை வைத்துத்தான் வாதம் நடந்தது. வடசென்னை பாதிக் கிணறு தாண்டிவிட்டது, இனி அங்கே பயமில்லை என்று படித்தவர்கள் பேசக் கேட்டிருக்கிறேன். 444ஐ யாரும் அதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அந்த 44க்குக் கொடுத்த விலையில் எவ்வளவு அந்த 444க்குள் இருந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கன்றுகளை எண்ணாமல் தேறிய மாடுகளை மட்டும் எண்ணினோம்.

அக்டோபரில் உலக அளவில் இதே சண்டை வெடித்தது. சுனேத்ரா குப்தா, கொல்கத்தாவில் பிறந்த ஜெய் பட்டாச்சார்யா, மார்ட்டின் குல்டார்ஃப் என்ற ஆய்வாளர்கள் மூவரும் அமெரிக்காவின் கிரேட் பேரிங்டனிலிருந்து, முளியில் சொன்னதைப் போன்ற வழியை முன்வைத்து ஓர் அறிக்கை விட்டார்கள். பத்து நாளில் லான்செட் இதழில் மறுப்பு வந்தது. கிரேட் பேரிங்டன் அறிக்கைக்குச் சில நாள் முன்பு, ரமணன் லக்ஷ்மிநாராயணன் குழு தமிழகம், ஆந்திரத்தில் ஐந்தே முக்கால் லட்சம் தொடர்பாளர்களை ஆராய்ந்து எழுதிய கட்டுரை வெளியானது. நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேர் தம் தொடர்பில் இருந்த ஒருவருக்கும் தொற்ற வைக்கவில்லை, சிலரே பலருக்குக் கொடுத்திருந்தார்கள் என்று அது காட்டியது. சராசரியை வைத்துப் போட்ட அறுபதுக் கணக்குக்கு நம் மண்ணிலிருந்தே வந்த பதில் அது. இரண்டு அறிக்கைகளைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசவில்லை.

2021இல் புது எலி கூண்டுக்குள் வந்தது. இம்முறை வைரஸே புதிது, டெல்டா. மே மாதம் சென்னையில் மட்டும் ஒரே நாளில் ஏழாயிரம் பேருக்கு மேல். ராஜீவ் காந்தி மருத்துவமனை வாசலில் ஆம்புலன்ஸ்கள் நோயாளியோடு வரிசையில் நின்றன. 44 சதவீதம் எந்தத் தெருவையும் காக்கவில்லை.

பெரியவரிடம் கிளம்பும்போது கேட்டேன், “கொரோனா அப்போ உங்க வீட்ல யாருக்காவது வந்துச்சா தாத்தா?”

“வந்துச்சு. மொதல்ல மவனுக்கு, அப்பால எனுக்கு, அப்பால கெழவிக்கு.” கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. “கெழவி போய்ட்டா.”

“அப்போ தனியா இருக்கச் சொல்லி யாரும் வந்து சொல்லலியா?”

“சொன்னாங்கோ தம்பி. நோட்டீசுகூட ஒட்னாங்கோ. எங்க இருக்கறது? ஒரே ரூம்பு.” கொட்டகைக் கோடியில் நின்ற புது எருமையைப் பார்த்தார். “மாட்ட கட்டத்தான் எடம் கீது.”